ஆலை ஊர்களின் ராணிகள்: வட இங்கிலாந்தின் ஊர் அழகிப் போட்டிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த ஊர்களைப் பற்றிப் பேசுகிறோம்?

மான்செஸ்டரைச் சுற்றியிருக்கும் சிறு ஊர்கள்தான். பருத்தி மில்களால் வளர்ந்த பிளாக்பர்ன், பர்ன்லி, டார்வென், ஹைட், கொஞ்சம் தெற்கே செஷயரில் நட்ஸ்ஃபோர்ட், கிழக்கே யார்க்ஷயரின் நிலக்கரிச் சுரங்க ஊர்கள். கடற்கரைப் பக்கம் பிளாக்பூலும் மோர்கம்பும். கடைசியில் எல்லை தாண்டி ஸ்காட்லாந்தின் ஒரு மீனவர் ஊருக்கும் போய் வருவோம். அது இல்லாமல் இந்தக் கதை முடியாது.

அழகிப் போட்டி என்றாலே நமக்கு உலக அழகி, பிரபஞ்ச அழகி ஞாபகம்தான் வரும். இந்த ஊர்களில் இருந்தது வேறு வகை. கிரீடம் வைத்துக்கொண்ட பெண் மறுவாரம் தறிக்கோ பள்ளிக்கூடத்துக்கோ திரும்பிப் போவாள். தெருவில் பார்க்கிற எல்லோருக்கும் அவளையும் தெரியும், அவள் அம்மாவையும் தெரியும்.

இது எப்போது தொடங்கியது?

மே மாதம் பிறக்கும்போது பெண் ஒருத்திக்குப் பூமுடி சூட்டுவது இங்கிலாந்தில் பழைய வழக்கம். ஆனால் இன்று நாம் பார்க்கும் வடிவம், அதாவது ஊர்வலம், பேண்டு வாத்தியம், மேடை, முடிசூட்டு, சுற்றிலும் தோழிப் பெண்கள் என்பதெல்லாம் விக்டோரியா மகாராணி காலத்தில் ஒழுங்குபடுத்தியது. பழைய மே தினத்தில் குடியும் கூத்தும் அதிகம். பாதிரிமார்கள் அதைத் துடைத்துச் சுத்தம் செய்து, குழந்தைகள் விழாவாக மாற்றிவிட்டார்கள்.

நட்ஸ்ஃபோர்ட் ஊரின் மே தின விழா 1864இல் தொடங்கியது. 1887இல் வேல்ஸ் இளவரசரும் அவர் மனைவியும் வந்து பார்த்ததால் விழாவின் பெயருக்கு முன்னால் ‘ராயல்’ ஒட்டிக்கொண்டது. இன்றும் நடக்கிறது.

அந்த ஊரில் இன்னொரு வழக்கமும் உண்டு. கேட்டால் நம்மவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். திருமணத்துக்கும் மே தினத்துக்கும் வீட்டு வாசலிலும் தெருவிலும் வண்ண மணலால் கோலம் போடுவார்கள். கனூட் என்ற பழைய அரசர் ஆற்றைக் கடந்து வந்து செருப்பிலிருந்த மணலை உதறினாராம், எதிரே ஒரு கல்யாண ஊர்வலம் வந்ததாம், அந்த மணல் எத்தனையோ அத்தனை பிள்ளைகள் பெறுக என்று வாழ்த்தினாராம். கதை நிஜமோ இல்லையோ, கோலம் நிஜம். அரிசி மாவுக்குப் பதில் மணல், அவ்வளவுதான்.

மே ராணி, ரோஜா ராணி, திருவிழா ராணி எல்லாம் ஒன்றா?

ஏறக்குறைய ஒன்றுதான். மே மாதத்தில் நடந்தால் மே ராணி. சிவப்பு ரோஜா, இந்த மில் ஊர்கள் பல இருக்கும் லங்காஷயர் மாவட்டத்தின் சின்னம், அதனால் ஜூன், ஜூலையில் தேவாலயங்களும் ஞாயிறு பள்ளிகளும் நடத்தியவை ரோஜா ராணி. ஊர்க் கமிட்டி நடத்தினால் திருவிழா ராணி. ரோஜா ராணியைச் சுற்றி ‘ரோஜா மொட்டு’ என்று குட்டிப் பெண்கள், கிரீடத்தை மெத்தையில் ஏந்தி வரும் ஒரு பையன், பின்னால் இழுபடும் வெல்வெட் அங்கியைத் தூக்கிப் பிடிக்க நான்கைந்து பேர் என்று ஒரு குட்டி அரசவையே இருக்கும். அந்த அங்கியைத் தைப்பதற்குள் அம்மாக்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

அழகைப் பார்த்துத்தானே தேர்ந்தெடுத்தார்கள்?

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ரோஜா ராணி விஷயத்தில் பெரும்பாலும் இல்லை. ஞாயிறு பள்ளிக்கு யார் தவறாமல் வந்தாள் என்று வருகைப் பதிவேட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஊர்கள் உண்டு. கூட இருக்கும் பிள்ளைகளே ஓட்டுப் போட்ட ஊர்கள் உண்டு. சீட்டுக் குலுக்கிப் போட்டதும் உண்டு. எழுதாத விதி ஒன்றும் இருந்தது: உடைச் செலவை வீட்டில் தாங்க வேண்டும். அப்பாவுக்கு வேலை போன வருடத்தில் பெண்ணுக்கு முடி வருமா? அதைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேச மாட்டார்கள், ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

முகத்தையும் நடையையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் நடுவர்கள் வந்தது 1920களுக்குப் பிறகு. பத்திரிகைகளும் கடற்கரை ஊர்களின் நகராட்சிகளும் கொண்டுவந்த பழக்கம் அது. அப்போதும் சிறிய ஊர்களில் ‘யார் வீட்டுப் பெண், எங்கே வேலை’ என்பதே முதல் கேள்வி. என் கணிப்பில் இந்தக் கிரீடங்கள் முகத்துக்கு வைத்தவையே அல்ல. ஊரின் தொழிலுக்கு வைத்தவை. தூக்கிச் சுமக்க ஒரு தலை வேண்டும், அது இளம் பெண்ணின் தலையாக இருந்தால் கூட்டம் வரும்.

ஒரு ராணியின் வருடம் எப்படிப் போகும்?

முடிசூட்டு நாளில் காலையிலேயே தோரணம் கட்டிவிடுவார்கள். கரி வியாபாரியின் குதிரை வண்டியை முந்தின இரவு கழுவி, காகிதப் பூ ஒட்டி, ரதமாக்கி வைத்திருப்பார்கள். வண்டிக்கு முன்னால் பித்தளை பேண்டு. சுரங்க ஊர்களில் ‘ஜாஸ் பேண்டு’ என்று ஒன்று வரும். பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள், ஜாஸ் இசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கசூ என்ற மலிவான ஊதலை வாயில் வைத்துக்கொண்டு சீருடையில் நடக்கும் கூட்டம் அது. 1926இல் சுரங்கங்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது கையில் காசில்லாதவர்கள் ஊதிப் பழகிய பழக்கம் பல ஊர்களில் நிலைத்துவிட்டது.

போன வருட ராணி தன் கிரீடத்தைக் கழற்றிக் கொடுப்பாள். சில பெண்கள் அழுவார்கள். அப்புறம் புது ராணியின் அசல் வேலை ஆரம்பிக்கும்: கோடை முழுக்கச் சனிக்கிழமைதோறும் பக்கத்து ஊர்களின் முடிசூட்டுக்குப் போக வேண்டும். இதற்கு ‘விருந்தாளி ராணி’ என்று பெயர். உங்கள் ஊர் ராணி எங்கள் ஊருக்கு வந்தால், எங்கள் ராணி உங்கள் ஊருக்கு வந்தே ஆக வேண்டும். நம் ஊர் மொய் நோட்டுக் கணக்கு மாதிரிதான். வராமல் போனால் அடுத்த வருடம் அது பேச்சாகிவிடும்.

மற்ற நாட்களில் முதியோருக்குத் தேநீர் விருந்து, மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்ப்பது, கடைத் திறப்பு. பதினான்கு வயதுப் பெண் மேயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மேடையில் பேசிப் பழகினாள். அந்தக் காலத்தில் மில் தொழிலாளியின் மகளுக்கு வேறு எங்கே அந்த வாய்ப்பு கிடைத்திருக்கும்?

இதில் யாருக்குப் பணம்?

மருத்துவமனைக்கு. இங்கிலாந்தில் தேசிய மருத்துவச் சேவை 1948 ஜூலை 5 அன்றுதான் வந்தது. அதற்கு முன் ஊர் மருத்துவமனைகள் பல நன்கொடையில் ஓடின. ஊர்வலம் போகும்போது கூடவே உண்டியல் குலுக்கிக்கொண்டு ஆட்கள் வருவார்கள், மாடி ஜன்னலிலிருந்து பென்னிகள் விழும். எக்ஸ்ரே கருவி, கட்டில், பிரசவ வார்டு என்று அந்தக் காசு போன இடங்கள் உண்டு. 1948க்குப் பிறகு மருத்துவமனைச் செலவை அரசு ஏற்றுக்கொண்டது. ஊர்வலத்துக்கு இருந்த மிகப் பெரிய காரணம் அன்றே போய்விட்டது. விழா தொடர்ந்தது, ஆனால் ‘எதற்காக?’ என்று கேட்டால் பதில் கொஞ்சம் தயங்கித்தான் வந்தது.

ரயில்வே ராணி என்பது யார்?

ஸ்டாக்டன் – டார்லிங்டன் ரயில் பாதை 1825இல் ஓடத் தொடங்கியது. அதன் நூற்றாண்டான 1925இல் ரயில்வே ஊழியர்கள் தங்களுக்கென்று ஒரு ராணியைத் தேர்ந்தெடுத்தார்கள். பள்ளி வயதுப் பெண், ரயில்வே தொழிலாளியின் மகளாக இருக்க வேண்டும். முடிசூட்டு மான்செஸ்டரின் பெல் வூ பூங்காவில். மிருகக்காட்சி சாலையும் ராட்டினமும் இருந்த பெரிய கேளிக்கை இடம் அது.

மற்ற ராணிகள் பக்கத்து ஊருக்குப் போனார்கள் என்றால், இவள் வெளிநாட்டுக்கே போனாள். முதல் உலகப் போரின் ரணம் ஆறாத காலம். ரயில்வே தொழிலாளர்கள் தங்கள் ராணியைச் சமாதானத் தூதராக ஐரோப்பிய ரயில்வே தொழிலாளர்களிடம் அனுப்பினார்கள். 1935இன் ராணி ஆட்ரி மாஸன், பிளாக்பூல் பெண். அந்த வருடம் பிளாக்பூலின் புகழ்பெற்ற விளக்கு அலங்காரத்தின் சுவிட்சைப் போட்டவளும் அவளே. முந்தைய வருடம் அதைப் போட்டவர் டெர்பி பிரபு. ஒரு பிரபுவுக்கு அடுத்தபடி ரயில்வே தொழிலாளியின் பதினைந்து வயது மகள்! 1936இல் அவள் மாஸ்கோவுக்குப் போய் ஸ்டாலினையே சந்தித்தாள். அந்தச் சந்திப்பை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், லேசான பயமும் வரும். அடுத்த ஆண்டுதான் அங்கே ஸ்டாலின் எதிரிகளை ஒழித்த களையெடுப்பு உச்சத்துக்குப் போனது.

ரயில்வே ராணிப் பட்டம் 1975 வரை, அதாவது சரியாக ஐம்பது வருடம் இருந்தது.

பருத்தி ராணிக்கும் இந்தியாவுக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

உண்டு. நேரான தொடர்பு இல்லை, ஆனால் ஆழமான தொடர்பு.

முதலில் கணக்கைப் பாருங்கள். 1913இல் லங்காஷயர் மில்கள் ஏறத்தாழ 700 கோடி கெஜம் துணியை ஏற்றுமதி செய்தன. அதில் சுமார் 300 கோடி கெஜம் இந்தியாவுக்கு வந்தது. பிளாக்பர்ன் பக்கத்துத் தறிகள் பல, நம்மூர் ஆட்கள் கட்டும் வேட்டிக்காகவே ஓடின. அங்கே வேட்டி கட்டியவர் ஒருவரும் கிடையாது! தலைமுறை தலைமுறையாக வேட்டிக் கரையை நெய்தார்கள், அதை எப்படிக் கட்டுவது என்று தெரியாமலே.

முதல் உலகப் போர் வந்தது, கப்பல்கள் நின்றன. அந்த இடைவெளியில் இந்திய மில்கள் வளர்ந்தன. ஜப்பான் மலிவாக விற்றது. 1920களில் காதி இயக்கம், 1930இல் அந்நியத் துணி பகிஷ்காரம். அதோடு உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்டது. லங்காஷயரில் மில் மில்லாகக் கதவை மூடினார்கள்.

அதே 1930இல்தான் மான்செஸ்டரின் ‘டெய்லி டிஸ்பாட்ச்’ பத்திரிகை பருத்தி ராணிப் போட்டியைத் தொடங்கியது. போட்டியிட ஒரே தகுதி, மில்லில் வேலை பார்க்கும் கல்யாணமாகாத பெண்ணாக இருப்பது. ஒவ்வொரு ஊரும் தன் ராணியைத் தேர்ந்தெடுத்தது. அவர்கள் எல்லோரும் பிளாக்பூலில் கூடி, அதிலிருந்து ஒருத்தி பிரிட்டனின் பருத்தி ராணி. முதல் பட்டம் ஹைட் ஊரின் நெசவாளி ஃபிரான்ஸஸ் லாக்கெட்டுக்கு.

இடம் பிளாக்பூல் என்பதற்கும் காரணம் இருக்கிறது. லங்காஷயரில் ஒவ்வொரு மில் ஊருக்கும் வருடத்தில் ஒரு வாரம் மொத்தமாக விடுமுறை. மில் சங்கு ஊதாது, ஊரே காலியாகும், பாதிப் பேர் ரயில் ஏறி பிளாக்பூலில் இறங்குவார்கள். போட்டிக்குக் கூட்டம் சேர்க்க யாரும் மெனக்கெட வேண்டியதில்லை, கூட்டம் ஏற்கனவே கடற்கரையில் நின்றது.

பட்டம் வென்றவள் அந்த ஒரு வருடம் தறியை விட்டுவிட்டுப் பருத்தி உடை அணிந்து நாடெங்கும் சுற்றினாள். துணிக்கடை, பொருட்காட்சி, மேயர் விருந்து. ‘பிரிட்டிஷ் பருத்தியை வாங்குங்கள்’ என்பதே அவள் சொல்ல வேண்டிய ஒரே வாக்கியம். கையில் பஞ்சுத் தூசியும் காதில் தறிச் சத்தமுமாக வாழ்ந்தவள் பூங்கொத்தோடு நின்றாள்.

அப்புறம் 1931 செப்டம்பர் கடைசியில், வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் வந்திருந்த காந்தி ரயிலேறி லங்காஷயருக்கே போனார். டார்வெனில் ஸ்பிரிங் வேல் என்ற இடத்தில் தங்கினார். பகிஷ்காரத்தால் வேலை இழந்தவர்களை நேரில் பார்த்துப் பேசினார். உங்கள் துன்பம் புரிகிறது, ஆனால் இந்தியாவின் பட்டினி இதைவிடப் பெரியது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். அந்த ஊரார் அவரைத் திட்டி அனுப்பியிருக்கலாம். ஆனால் மில் பெண்கள் கையைத் தூக்கி ஆரவாரித்தார்கள், நடுவே காந்தி சால்வையோடு சிரித்தபடி நிற்கும் அந்தப் புகைப்படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஒரு பக்கம் கைராட்டை, இன்னொரு பக்கம் கிரீடம். இரண்டும் ஒரே துணிக்காகத்தான். காந்தியின் சின்னம் வென்றது, பருத்தி ராணியின் சின்னம் 1939இல் போர் தொடங்கியதோடு நின்றது. அவள் தோற்றதற்கு அவளா காரணம்? ஒரு சிரிப்பை வைத்து உலகச் சந்தையைத் திருப்ப முடியும் என்று பத்திரிகை முதலாளிகள் நம்பியதுதான் விந்தை.

அந்த மில்களில் பிறகு ஆசியர்கள் வேலை செய்தார்களே, அவர்கள் வீட்டுப் பெண்களுக்குப் பட்டம் கிடைத்ததா?

பருத்தி ராணிப் பட்டம் கிடைக்க வழியே இல்லை. பாகிஸ்தான், இந்தியா, இன்றைய வங்கதேசம் ஆகிய இடங்களிலிருந்து ஆட்கள் பெருமளவில் வந்தது 1950, 60களில். உள்ளூர் ஆட்கள் விரும்பாத இரவு ஷிப்டில் அவர்களைப் போட்டார்கள். அதற்குள் கிரீடம் போய் இருபது வருடம். இருபது, முப்பது வருடத்தில் மில்லும் போய்விட்டது.

நீச்சலுடைப் போட்டி எப்போது வந்தது?

கடற்கரை ஊர்களில் போருக்கு முன்பே வந்துவிட்டது. ஆனால் அடையாளமாகிப்போனது மோர்கம்ப். அங்கே 1936இல் திறந்த பிரம்மாண்டமான திறந்தவெளி நீச்சல் குளம் இருந்தது. 1945 கோடையில், ஐரோப்பாவில் போர் முடிந்த சூட்டோடு, நகராட்சியும் ஒரு ஞாயிறு பத்திரிகையும் சேர்ந்து அங்கே குளியல் அழகிப் போட்டி நடத்தின. இறுதிச் சுற்றன்று விடாத மழை. அப்படியும் நாலாயிரம் பேருக்கு மேல் நனைந்துகொண்டு பார்த்தார்கள். பரிசு ஏழு கினி, அதாவது ஏழு பவுனும் ஏழு ஷில்லிங்கும், கூடவே ஒரு கூடைப் பழம், ஒரு நீச்சலுடை. ரேஷன் காலத்தில் அந்தப் பழக்கூடைக்கே தனி மதிப்பு. வென்ற பெண் உள்ளூர் டைப்பிஸ்ட்.

அந்தப் போட்டிதான் 1956இல் மிஸ் கிரேட் பிரிட்டன் ஆனது. ஊர் ராணியும் உலக அழகியும் பிரியும் இடம் இதுதான் என்பேன். பருத்தி ராணி பருத்தியை விற்றாள், மோர்கம்ப் அழகி மோர்கம்பை, அதன் வெயிலை விற்றாள். வெயில் அங்கே எத்தனை நாள் அடிக்கும் என்பது வேறு விஷயம். அந்தக் குளத்தை 1976இல் இடித்துவிட்டார்கள்.

நிலக்கரி ராணி?

1970களில் சுரங்க ஊர்களில் பரபரப்பான விஷயம். சுரங்கத் தொழிலாளியின் மனைவியோ மகளோ, சுரங்க அலுவலகத்திலோ கேண்டீனிலோ வேலை பார்ப்பவரோ போட்டியிடலாம். ஊர் கிளப்பில் தேர்வு, வட்டாரத் தேர்வு, பிறகு நாடளாவிய இறுதிச் சுற்று. 1984 மார்ச்சில் ஓராண்டு வேலைநிறுத்தம் வெடித்தது, அதோடு போட்டியும் போயிற்று. முந்தைய வருடம் மேடையில் ஒப்பனையோடு நடந்த அதே ஊர்ப் பெண்கள், அடுத்த வருடம் பொதுச் சமையலறையில் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சமைத்தார்கள், மேடையேறி அரசைக் கண்டித்துப் பேசினார்கள்.

பெண்ணியவாதிகள் எதிர்த்ததால்தான் நின்றுபோனதா?

ஓரளவுக்கு. 1970இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் உலக அழகிப் போட்டியின்போது பெண்கள் மாவுப் பொட்டலங்களை எறிந்தார்கள். அதன்பின் நீச்சலுடைப் போட்டிக்குக் காசு கொடுக்க நகராட்சிகள் தயங்கத் தொடங்கின, நியாயமான தயக்கம். ஆனால் ரோஜா ராணியைக் கொன்றது அதுவல்ல. ஞாயிறு பள்ளிக்குப் பிள்ளைகள் போவது நின்றது, மில் மூடியது, சாலையை அடைக்கவும் காப்பீடு எடுக்கவும் ஆகும் செலவு ஏறியது. கமிட்டியில் இருந்த பெரியவர்களுக்கு வயதாகிவிட்டது, அந்த நாற்காலியில் உட்கார வேறு ஆள் வரவில்லை. நம் ஊரில் நாடகக் குழுக்கள் போனதும் இப்படித்தானே.

தொழில் போனால் ராணியும் போவாள் என்றால், இன்னும் சில ஊர்களில் எப்படி நடக்கிறது?

நல்ல கேள்வி. என் வாதத்துக்கு ஓட்டை போடும் ஊர் ஒன்று உண்டு. ஸ்காட்லாந்தின் தென்கிழக்கு ஓரத்தில் இருக்கும் ஐமவுத்.

1881 அக்டோபர் 14 அன்று வீசிய புயலில் அந்தக் கடற்கரையில் 189 மீனவர்கள் இறந்தார்கள். அதில் 129 பேர் ஐமவுத் ஊரார். சின்ன ஊர், கடலுக்குப் போன ஆண்களில் பெரும் பகுதி ஒரே நாளில் போய்விட்டது. பின்னர் அங்கே மீனவர்களின் உல்லாச விருந்தாக நடந்த விழா, 1939இல் ஹெர்ரிங் ராணி விழாவாக ஆனது. ஹெர்ரிங் என்பது நம் மத்திக்கு உறவுக்கார மீன். பள்ளிப் பிள்ளைகள் தங்களுக்குள் ராணியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பக்கத்துக் கிராமத்துத் துறையிலிருந்து மீன்பிடிப் படகில் அவள் ஊருக்குள் வருவாள், கொடி கட்டிய படகுகள் கூடவே வரும்.

ஹெர்ரிங் பிடிப்பு அங்கே எப்போதோ ஒடுங்கிவிட்டது. ராணி இருக்கிறாள். ஏன்? அவள் மீனை விற்க வந்தவள் இல்லை. பருத்தி ராணிக்கு ஒரு பத்திரிகை பின்னால் இருந்தது, பத்திரிகைக்கு ஆர்வம் போனதும் அவள் போனாள். ஹெர்ரிங் ராணிக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடமும், கடலில் ஆள் போன வீடுகளும் இருக்கின்றன.

நேரில் பார்க்க எப்போது போகலாம்?

நட்ஸ்ஃபோர்டுக்கு மே மாத முதல் சனிக்கிழமை. மான்செஸ்டரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மணல் கோலம் கலைவதற்குள் பார்க்க வேண்டும் என்றால் காலையிலேயே போங்கள். ஐமவுத்துக்கு ஜூலை மாதம், ராணி கடல் வழியாக வருவதால் துறைமுகச் சுவரோரம் சீக்கிரமே இடம் பிடிக்க வேண்டும். லங்காஷயரில் இன்னும் ரோஜா ராணி எடுக்கும் சிற்றூர்களில் ஜூன், ஜூலை சனிக்கிழமைகள். எங்கே போனாலும் குடை அவசியம். ராணிகள் மழையில் வண்டியை நிறுத்த மாட்டார்கள், வெல்வெட் அங்கி மேல் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்திக்கொண்டு கையசைத்தபடியே போய்விடுவார்கள்.